மாவுத் தடம்

கல்வராயன் மலைக் கிழங்கை அரைக்கும் ஜவ்வரிசி மில்லில் வேலை பார்த்த ஜுனைத், மாவுக் கையோடுதான் புத்தகம் படிப்பார். அவர் மவுத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருடமாகிறது.

சின்னசேலத்தில் புதிதாக வாங்கிய விண்வெளிக் கதையின் பிளாஸ்டிக் உறையை அவர் மனைவி அஸ்ரின் பிரித்தாள். உள்ளே வெள்ளைக் கட்டைவிரல் தடங்கள். நடுவில் கதை சவ்வாக இழுத்தது. அங்கே தடம் கம்மி. விண்கலம் பூமிக்குத் திரும்பும் பக்கத்தில் மாவு அப்பிக் கிடந்தது. அவளுக்கும் அந்தப் பக்கம்தான் பிடித்தது.

“கையத் தொடச்சிக்கினு படிச்சா இன்னாங்க, கொறஞ்சா பூடுவீங்க?” என்றாள், பழைய பழக்கத்தில்.

அடுத்து வாங்கிய மாயாஜாலக் கதையில் ஒரு தடமும் இல்லை. சொல்லியிருக்கவே கூடாது என்று நொந்தபடி கடைசிப் பக்கம்வரை தேடினாள். பிறகு முகம் துடைக்க, கதவில் தொங்கிய துண்டை எடுத்தாள். காலையில்தான் துவைத்துப் போட்டிருந்தாள்.

துண்டெல்லாம் மாவு.