வண்டி வராத சாலை

"எதிர்ல ஒரு லாரி வந்தாலும் ஒப்பந்தம் கிடையாது மிஸ்டர் நோயல். இப்பவே சொல்லிட்டேன்."

விடியற்காலையில், விவேக் நகரில் நோயல் வீட்டு வாசலில் நின்று, ஹெல்மெட் வாரை இறுக்கியபடி கஸ்தூரிரங்கன் சொன்னார். சென்னையில் சுற்றுலா நிறுவனம் நடத்துகிறவர். வெள்ளைக்காரர்களைக் கூட்டமாக வரவழைத்து நம் ஊர் வெயிலை நல்ல விலைக்கு விற்பவர். இப்போது அவருக்குப் புதுச் சரக்கு தேவைப்பட்டது. வாகனமே இல்லாத கிராமத்துச் சாலை, அதில் சைக்கிள் பயணம், கடைசியில் ஒரு பழைய கோட்டை. 2003ஆம் வருஷத்தில் இதைத் தேடிப் பெங்களூருக்கு வந்த தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

"லாரியா? அந்த ரோட்ல லாரிய போட்டோவுலதான் சார் பாக்கணும்" என்றான் நோயல்.

வாய்க்குக் குறைவில்லை. தொழிற்சாலை வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி, வந்த பணத்தையெல்லாம் கியர் சைக்கிள்களாக்கி ஹாலில் நிறுத்தியிருந்தான். அவன் மனைவி டோரீன் அவற்றுக்கு நடுவே ஒருக்களித்து நடந்துதான் சமையலறைக்குப் போய்வந்தாள். வருஷம் ஒன்றாகியும் வாடிக்கையாளர் யாரும் வரவில்லை. இந்த ஒப்பந்தமும் போனால் சைக்கிள்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகும், அவன் தன் மாமனாரின் பேக்கரிக்கு வேலைக்குப் போவான். இரண்டில் எது கேவலம் என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

"அது சரி, வியாழக்கிழமைதான் வரணும்னு போன்ல ஒத்தக்கால்ல நின்னீரே, ஏன்?"

"எங்க குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழன்தான் சார் விசேஷம். நல்ல காரியமெல்லாம் அன்னிக்குத்தான்."

பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த டோரீன் இருமினாள். மருந்துக்கு அடங்குகிற இருமல் இல்லை அது.

ஹெப்பாளைத் தாண்டியதும் பல்லாரி சாலை அகலமாக விரிந்தது. நடுச்சாலையில் ஒரு மாடு படுத்து நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதை எழுப்ப ஒரு ஹாரன்கூட இல்லை.

"இது ஹைவேன்னா? நம்பவே முடியலையே!"

"பேருக்குத்தான் சார் ஹைவே. எங்க ஜனங்களுக்கு அவசரமே கிடையாது."

எலஹங்காவில் கஸ்தூரிரங்கன் வேகத்தைக் குறைத்தார். "கடையெல்லாம் சாத்தியிருக்கே?"

"மத்தியானத் தூக்கம் சார்."

"மணி எட்டுதானே ஆறது?"

"இங்கெல்லாம் சீக்கிரம் எழுந்திருப்பாங்க சார். மத்தியானமும் சீக்கிரம் வந்துடும்" என்று முந்திக்கொண்டாள் டோரீன். அடுத்த பொய் உங்களுடையது என்பதுபோல் கணவனைப் பார்த்தாள்.

கஸ்தூரிரங்கனுக்குக் காபி வேண்டியிருந்தது. அவர் கண் கடையைத் தேடுவதற்குள் டோரீன் பையிலிருந்து பிளாஸ்க்கும் இட்லிப் பொட்டலமும் வெளியே வந்தன.

"வெளிக் காபி வேணாம் சார். பாரின் கெஸ்ட்டுக்கு வயிறு ஒத்துக்காது" என்றான் நோயல்.

"சுகாதாரம்! பேஷ்!"

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு போலீஸ் ஜீப் ஓரமாக நின்றிருந்தது. அதிகாரி கைகாட்டி நிறுத்தி, கன்னடத்தில் சூடாக ஏதோ கேட்டார். நோயலுக்குப் பேக்கரி அடுப்பு கண் முன்னால் வந்துபோனது. விருந்தாளியைக் காட்டி, கைகூப்பி, கன்னடத்தில் குழைந்தான். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு, போய்த் தொலை என்று கையை வீசினார்.

"என்ன சொல்றார்?"

"பத்திரமா போய்ட்டு வாங்கன்னு வாழ்த்தறார் சார்."

"தலையில அடிச்சுண்டாரே?"

"அது இந்தப் பக்கத்து மரியாதை சார்" என்றாள் டோரீன்.

திராட்சைத் தோட்டங்களைக் கடந்து தேவனஹள்ளிக் கோட்டையை அடைந்தார்கள். மதில்மேல் ஏறி நின்று பார்த்தபோது, வந்த சாலை கழுவிவிட்ட மாதிரி காலியாகக் கிடந்தது. எங்கோ ஒரு மைனா கத்தியது துல்லியமாகக் கேட்டது. இவ்வளவு அழகான சாலையா இது என்று நோயலும் அன்றைக்குத்தான் பார்த்தான்.

"ஒரு ஹாரன் சத்தம் இல்லை ஓய்! பிரெஞ்சுக்காரா இதைப் பார்த்தா அழுதுடுவா" என்றார் கஸ்தூரிரங்கன். அவர் கண்ணே கொஞ்சம் கலங்கியிருந்தது. "ஒப்பந்தம் உமக்குத்தான். மாசம் ஒரு வியாழக்கிழமை, ஒரு குரூப். ஆனா ரோடு இன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கணும். ஒரு வண்டி வந்தாலும் எல்லாம் ரத்து."

"என் பொறுப்பு சார்" என்று நெஞ்சில் கைவைத்தான் நோயல். டோரீன் வானத்தைப் பார்த்துச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

இருட்டியதும் அவரை ரயிலேற்றிவிட்டு வந்தவனை அவள் ஹாலில் சைக்கிள்களுக்கு நடுவே மடக்கினாள்.

"மாசாமாசம் இந்த ரோட்டை எங்கேயிருந்துங்க கொண்டு வருவீங்க?"

நோயல் போனை எடுத்து, சிவாஜிநகரில் ஏதோ ஒரு சங்கத்துக்குத் தலைவராக இருக்கும் மஞ்சுநாத்தைக் கூப்பிட்டான்.

"மஞ்சுநாத் அண்ணா, இன்னிக்கு நீங்க நடத்துன பந்த் சூப்பர்ணா, ஒரு ஆட்டோகூட ஓடலை! இனிமே மாசம் ஒரு வியாழக்கிழமை இதே மாதிரி போட முடியுமா?"

"போடலாம்பா, அதுக்கென்ன. ஆனா எதை எதிர்த்துப் போடறது? ஒரு காரணம் வேணுமில்ல?"

நோயல் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"டிராபிக் ஜாமை எதிர்த்துப் போடுங்கண்ணா!"