உளுந்தனின் வால்

அந்தக் குளத்துத் தலைப்பிரட்டைகளிலேயே பெரிய சேட்டைக்காரன் உளுந்தன். எந்தக் குரலையும் அச்சு அசலாகப் பேசுவான். பாசிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "பசிக்குதே, நாலு தலைப்பிரட்டை கிடைச்சா தேவலாம்" என்று விரால் மீன் குரலில் உறுமுவான். தங்கச்சி மொச்சையும் மற்றவர்களும் அலறியடித்து ஓட, அவன் வயிறு குலுங்கச் சிரிப்பான்.

தினம் தினம் பயந்து ஓடியதில் அவர்களுக்கெல்லாம் வால் புளிய இலை அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. உளுந்தனுக்கு மட்டும் நூல் போல இருந்தது.

"உன் வால் ஏண்ணே இப்படி வத்தலா இருக்கு?"

"நான் யாருக்குடி பயப்படணும்?"

ஒருநாள் நிஜ விராலே வந்துவிட்டது. மொச்சையும் கூட்டமும் ஒரே வீச்சில் அக்கரை சேர்ந்தார்கள். உளுந்தன் வாலை அடி அடியென்று அடித்தும் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. விரால் வாயைத் திறந்தது. சட்டென்று அவன் கொக்குக் குரலில் கத்தினான். விரால் பதறிப்போய்ச் சேற்றுக்குள் புகுந்துகொண்டது.

அதன் பிறகு பாசியோரம் யாரும் உறுமவில்லை. இலை அசைந்தாலே உளுந்தன் ஓட்டம் பிடித்தான்.

பத்து நாள் கழித்து மொச்சை அவனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அண்ணே, உன் வாலும் பெருத்துடுச்சே. உன்னை யாரு பயங்காட்டினது?"