பூ பொறுக்கியவர்

கொள்ளிச்சட்டியைத் தம்பி கையில் திணித்துவிட்டு, ஏகாம்பரம் மகன் பரிதியின் பாடைக்குப் பின்னால் வந்துவிட்டார். அவன் கூட்டாளிகள் மாலைகளைப் பிய்த்துப் பிய்த்து ரோஜாவையும் சாமந்தியையும் ரோடெல்லாம் இறைத்துக்கொண்டே போனார்கள். அவர் குனிந்து குனிந்து அதைப் பொறுக்கி ஒரு சிமெண்டுச் சாக்கில் போட்டுக்கொண்டே வந்தார். பெத்த மனசு கலங்கிப்போச்சு, பாவம் என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். மைத்துனர் துரைக்கண்ணு ஓடிவந்து சாக்கைப் பிடித்தார்.

“மச்சான், நம்ம புள்ளைக்குப் போட்ட பூவ நீங்களே எடுக்கலாமா? சட்டியத் தூக்கிட்டு முன்னால வாங்க.”

“தூறல் விழுது, துரை. பின்னால யாராச்சும் பைக்குல வருவாங்க. வழுக்கிடும்.”

துரைக்கண்ணு சாக்கை விட்டுவிட்டார். முந்தாநாள் பைக்கில் வேலைக்குப் போன பரிதி அப்படித்தான் வழுக்கினான். யாருடைய பாடையையோ தூக்கிக்கொண்டு போன வழியில் நசுங்கிக் கிடந்த பூமேல் பிரேக் பிடித்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அவன் விழுந்த வளைவு வந்ததும் கூட்டாளிகளின் கை தானாக நின்றுவிட்டது. அங்கே ஒரு பூகூட அவர்கள் போடவில்லை. ஆனாலும் ஏகாம்பரம் சாக்கைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார். தாரோடு தாராகக் கறுத்து ஒட்டியிருந்த பழைய இதழ்களை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். பறைச் சத்தம் வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

துரைக்கண்ணு பக்கத்தில் குனிந்தார். “மச்சான், அது நம்ம பூ இல்ல.”

“தெரியும்” என்றார் ஏகாம்பரம், அடுத்த இதழுக்கு நகர்ந்தபடி.