இரண்டாம் தடவை

"உப்பு கம்மி, உன் சமையல் மாதிரியே" என்றான் ஜெபமணி, எலுமிச்சை ஊறுகாயை விரல் நுனியில் தொட்டு நக்கியபடி.

"அப்புறம் ஏன் வீட்ல தட்ட வழிச்சுத் திங்கிறீங்க?"

அந்த ஊறுகாய்க் கம்பெனியில் கலவை போடுகிறவள் ருசி பார்ப்பதில்லை. வருஷக்கணக்காக மிளகாய்த்தூளில் வெந்த நாக்கை நம்ப முடியாது. மரியபுஷ்பம் கலப்பாள்; அவள் புருஷன் ஜெபமணி ருசி பார்ப்பான். முதல் தடவை எப்போதும் கேலிதான். எண்ணெய் விட்டபின் இரண்டாம் தடவை தொட்டுச் சொல்வதுதான் தீர்ப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கிண்ணம் உப்பை அளந்து வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

எண்ணெய் டின் எடுக்க வாசலுக்குப் போனவன் மேல், பின்னால் எடுத்த லாரி ஏறிவிட்டது.

அடக்கமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, சூப்பர்வைசர் அன்று அவள் கலந்த ஊறுகாய் டிரம்மைக் காட்டினார்.

"எண்ணெய் விட்டாச்சும்மா. அவரு சரின்னுட்டாருன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா அடைச்சிடலாம்."

அவள் மூடியைத் திறந்து தொட்டு நக்கினாள். உறைப்பு மட்டும் தெரிந்தது. மறுபடி நக்கினாள். அன்று அவன் சொன்னது கேலியா, நிஜமா என்று நாக்குக்குப் பிடிபடவே இல்லை.

"அவரு இன்னும் சொல்லலண்ணே" என்று மூடியைப் போட்டாள்.

பக்கத்தில், அவள் அளந்து வைத்த உப்பு கிண்ணத்தில் அப்படியே இருந்தது.