இன்னும் இரண்டு அங்குலம்

ஒப்பந்தம் போடுவதற்கு முன், ஜெர்மனியின் அந்தப் பெரிய கால்பந்து கிளப் பரிதியின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. "எலும்பு வளர்ச்சி இன்னும் முடியலையாம், அம்மா. ரெண்டு இன்ச் வளருவேனாம். அதுக்காகத்தான் என்னை எடுத்திருக்காங்க போல," என்றான், அங்கே விடுதிக் கட்டிலில் படுத்தபடி. ஒஹாயோவில் அவன் அம்மா சுகுணா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாற்காலியில் ஏறினாள். சமையலறைக் கதவு நிலையில், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவனை அதட்டி நிற்கவைத்து அவள் போட்ட பென்சில் கோடுகள் இருந்தன. கடைசிக் கோட்டுக்கு மேல் ஸ்கேல் வைத்து இரண்டு அங்குலம் அளந்தாள். "என்னம்மா பண்றே?" "ஒண்ணுமில்ல," என்றாள், பென்சிலை எடுத்துக்கொண்டு. "நெளியாம நேரா நில்லு." அவன் சிரிக்கவில்லை. மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது; அவன் எழுந்து நின்றான்.