கொம்பையாவுக்கு வந்தது

கொம்பையா ஊர்க்கோயில் திருவிழாவில், கொடைக்குக் கொடை சாமியாடுகிறவர். இப்போது குடல் ஓட்டையாகி, வயிற்றை அறுத்துத் தைத்து, கழுத்து நரம்பில் மருந்துக் குழாயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். கண்ணே திறக்கவில்லை. அவர் மனைவி பேச்சிக்குப் பொறுக்கவில்லை. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும், குழாய் நுழைகிற இடத்துப் பிளாஸ்திரியைப் பிரித்து, கோயில் திருநீற்றை அப்பி, மறுபடி ஒட்டினாள். "வந்து நில்லு சாமி. எனக்கு வேற யாரு இருக்கா?"

மறுநாள் மத்தியானம் அவர் உடம்பு குலுங்கத் தொடங்கியது. முதலில் தாடை, பிறகு தோள்கள், பிறகு கட்டிலே கிடுகிடுத்தது. கொடையிலும் இப்படித்தான் வரும். பேச்சி கட்டிலடியில் விழுந்தாள். "வந்துட்டியா! இவரை வீட்டுக்கு அனுப்பிவைப்பேன்னு ஒரு வாக்கு சொல்லு!"

நர்ஸ் ஜெஸிந்தா ஓடிவந்து தொட்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. பிளாஸ்திரியை உரித்ததும் திருநீறு உதிர்ந்தது. "யக்கா, என்ன காரியம் செஞ்சிருக்கீங்க! கிருமி ரத்தத்துல ஏறியிருக்கு. இது சாமியில்ல, குளிர் நடுக்கம்."

பேச்சிக்குக் காதில் விழுந்தது. விழுந்ததால்தான் இன்னும் உரக்கக் கெஞ்சினாள். "எதுவா இருந்தாலும் மலையேறிரு. இவரை விட்டுட்டு மலையேறிரு."

நடுக்கம் நின்றது. ஜெஸிந்தா நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டாக்டரைக் கத்திக் கூப்பிட்டபடி ஓடினாள்.

கொடையில் சாமி மலையேறியதும் கொம்பையா கண் திறந்து தண்ணீர் கேட்பார். பேச்சி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவர் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றாள்.