ஊர் பார்க்கும் முகம்

"இந்த மூக்கை வெச்சுக்கிட்டா நாளைக்கு டிவியில செய்தி வாசிக்கப் போற? ஊரே பார்க்குமேடி!" என்றாள் பார்லர்க்காரி.

"வாசிக்கப் போறது வாய். மூக்கு பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டு இருக்கட்டுமே" என்றாள் நாற்காலியில் இருந்தவள்.

"உதடு தடிப்பு, நெத்தி மேடு, நிறமும் மட்டு. எல்லாத்தையும் பூசி மறைச்சுடறேன்."

"ஒண்ணும் வேண்டாம், முடியை மட்டும் வெட்டு. இதே மூஞ்சியைப் பார்த்துத்தான் வேலைக்கு எடுத்தாங்க."

"உனக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கா? எனக்கில்ல உடம்பெல்லாம் பதறுது!"

"வாசிக்கிறது நான். நீ ஏன் பதறுற?"

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் வந்தார். நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். கத்தரியோடு நின்றவளைப் பார்த்தார்.

"அடடே, ரெட்டைப் பிள்ளைங்களா! அச்சு அசல் ஒரே முகமா இருக்கே!"

நாற்காலியில் இருந்தவள் கண்ணாடி வழியே உடன்பிறந்தவளைப் பார்த்தாள்.

"இப்பத்தான் புரியுது. இவ்வளவு நேரம் நீ திட்டினது என்னை இல்ல!"

பார்லர்க்காரி பூசுவதற்காகத் திறந்து வைத்திருந்த பவுடர் டப்பாவை மூடி வைத்தாள். பிறகு அக்காவின் தாடையை மெதுவாக உயர்த்தினாள்.

"நிமிர்ந்து உட்காருடி. நம்ம மூஞ்சி நல்லாத் தெரியட்டும்."